ஒன்பது பட்டை

கம்பியக் கீழ வைங்க பாய். மொதல்ல அதக் கீழ வைங்க, அப்பறம் பேசுவோம்.

கோவிச்சுக்கிறாதீங்க. வந்த ஆளை வாங்கண்டு கூடச் சொல்லாம வெரட்டுறானேண்டு நெனைக்காதீங்க. அந்தக் கம்பியக் கையில பிடிச்சுக்கிட்டு என் வாசல்ல யாரும் நிக்கக் கூடாது, அம்புட்டுத்தான். அங்கிட்டு, அந்த மரத்துல சாத்துங்க. வேணாம், சாத்த வேணாம், படுக்கப் போடுங்க. ஆங். இப்ப வாங்க. இப்பிடித் திண்டு மேல ஒக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா? மலைத் தண்ணி, பல்லு கூசும்.

யாரு அனுப்புனது, ஜெய்லானி பாயா? நீங்க அவருக்கு என்ன வேணும்? மருமகனா! நல்லது, நல்லது. வத்தலக்குண்டுல பட்டைக்கடைண்டா அவரு கடைதான். லாரிப் பட்டை, வேன் பட்டை, சக்கரத்துக்கு மேல வண்டியத் தாங்குற ஸ்பிரிங் பட்டை எதுவா இருந்தாலும் ஒரு தட்டுத் தட்டிப் பாத்து, சத்தத்துலயே விரிசல் எங்க இருக்குண்டு சொல்லிருவாரு. அவரு ஏன் வரல? கை முடியலையா. ம். அந்தக் கை கதைக்கு அப்பறம் வர்றேன்.

ஆனா ஒண்ணு கேக்குறேன். ஸ்டெப்லைசர் கம்பி வேணுமுண்டு நான் யார்ட்டயும் சொல்லி விடலையே. என் வண்டி, என் வாசல்ல நிக்கிது. எனக்குத் தெரியாம அதுக்கு எவன் சாமான் வாங்குறது?

டங்குண்டு கேட்டுச்சா? பயப்படாதீங்க. உள்ள என் தம்பி இருக்கான். சுருளி. படுத்த படுக்கை. இடுப்புக்குக் கீழ எதுவும் இல்ல அவனுக்கு. இருக்கு, ஆனா இல்ல. கட்டிலுக்கு மேல பழைய வண்டிப் பட்டை ஒண்ணைக் கயித்துல கட்டித் தொங்க விட்டிருக்கேன். கூப்புடணும்ண்டா ஸ்பேனரால அதுல ஒரு தட்டுத் தட்டுவான். பள்ளிக்கூட மணி கெட்டுச்சு போங்க, அடுத்த எஸ்டேட்டு வரைக்கும் கேக்கும். கத்திக் கூப்புட்டா மூச்சு வாங்குது, அதான்.

போன் போட்டது அவனா? அதான பாத்தேன். படுத்துக்கிட்டே ஊரை ஆளுறான்.

இந்தக் கம்பி வேணாம்ண்டு நான் ஏன் சொல்றேன், அதைக் கேட்டுட்டுப் போங்க. ஒங்க மாமனாரு ஒரு மாதிரி சொல்லி அனுப்பியிருப்பாரு. ஊருல வர்ற வழியெல்லாம் ஒரு மாதிரி சொல்லியிருப்பாய்ங்க. இந்தப் பெத்தணன் முரடன், பெத்தணன் கொலைகாரன். கொலை எங்க நடந்துச்சு? செத்தவன் எங்க? உள்ள மணி அடிக்கிறான், கேக்குதுல்ல?

இந்த வண்டி எங்க ரெண்டு பேருக்கும் பொது. எங்கய்யா செத்தப்பறம் இருந்த ஒரு மாட்டையும் ஒரு துண்டுக் காட்டையும் வித்து வாங்குனது. சின்ன லோடு வண்டி, அப்பவே பழசு. ஒரு வாரம் நான் ஓட்டுவேன், ஒரு வாரம் அவன் ஓட்டுவான். நான் ஏத்துறது சௌசௌ. மூட்டை மூட்டையா, கேபினுக்கு மேல ஒரு ஆள் ஒசரத்துக்குக் கட்டி ஏத்துவேன். அவன் ஏத்துறது மலைப்பழம். வாழைத்தார். இதுலதான் பாய் வெனையே.

ஒங்களுக்குத் தொழில் தெரியும். சௌசௌவுக்கு என்ன வேணும்? தாங்கணும். கம்பெனிக்காரன் பின்சக்கரத்துக்குக் குடுத்த பட்டை பக்கத்துக்கு அஞ்சு. என் லோடுக்கு அஞ்சு பத்தாது, அச்சு மேல போய் முட்டும். நான் பக்கத்துக்கு நாலு கூட்டி ஒன்பது ஆக்கிட்டேன். வண்டி கல்லு மாதிரி நிக்கும். எம்புட்டு ஏத்துனாலும் முக்காது, மொனங்காது. வாழைத்தாருக்கு அது ஆகாது. ஒன்பது பட்டை வண்டியில தாரை ஏத்தி இந்த மலைய எறக்குனா, மண்டிக்குப் போயிச் சேரும்போது பழம் பூராம் கருத்துக் கன்னிப் போயிருக்கும். பழத்துக்கு வண்டி மெதுவா இருக்கணும், தொட்டில்ல பிள்ளையப் போட்டது கணக்கா.

அதுனால என்ன ஆச்சுண்டா, ஞாயித்துக்கிழமையானா ஒங்க மாமனாரு கடையில வண்டி நிக்கும். என் வாரம் வந்தா நான் பட்டையக் கூட்டுவேன். அவன் வாரம் வந்தா அவன் கழட்டுவான். ஊரே சிரிச்சுச்சு. "அண்ணன் கட்டுறான், தம்பி அவுக்குறான்"ண்டு ஒங்க மாமனாரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. அவருக்கென்ன, கட்டுனாலும் கூலி, அவுத்தாலும் கூலி.

அடிதடி வருமாண்டா வரும். பெறகு வராதா? கூடப் பொறந்தவய்ங்க. சின்னப் பிள்ளையில இருந்து அவனை அடிச்சுத்தான் வளத்தேன். எங்கய்யா என்னைய அடிப்பாரு, நான் அவனை அடிப்பேன். அவனுக்குக் கீழ ஆள் இல்ல, அதுனால சாதுண்டு பேரு வாங்கிட்டான். எனக்கும் கீழ ஆள் இல்லாட்டி நானும் சாதுதான்.

மண்டியில வச்சு ஒருக்க அறைஞ்சேன், ஏவாரி அம்புட்டுப் பேரும் பாக்க. என் வாரம் முடியல, சனிக்கிழமை சாயந்தரமே ரெண்டு பட்டையக் கழட்டிப்புட்டான். திருப்பி அடிக்க மாட்டான் அவன். குனிஞ்சு வந்து மண்டையால முட்டுவான், கெடா மாதிரி. எனக்குப் பல்லு ஒண்ணு ஆடிப் போச்சு. இந்தா பாருங்க, இந்தப் பக்கம். இன்னொருக்க வீல் ஸ்பேனரால புருவத்துல போட்டேன். சதை பிஞ்சு கண்ணு மேல தொங்குச்சு. ரத்தத்தைத் தொடைச்சுக்கிட்டே தாரை எறக்குனான். எறக்கி முடிச்சுட்டு வந்து என் காதைக் கடிச்சான். இந்தக் காதுதான், நுனிய மட்டும் காணோம் பாருங்க. துப்பிட்டுப் போயிட்டான். ரெண்டு பேரும் ஒரே வண்டியில வீட்டுக்கு வந்தோம், ஒரே சட்டியில சாப்பிட்டோம். அப்பிடித்தான் இருந்தோம். மத்தவய்ங்களுக்கு இது புரியாது.

என் வீட்டுக்காரி நாகஜோதிக்கும் புரியல. குறுக்க வந்து விழுவா. குறுக்க வந்தா முழங்கை படத்தான செய்யும்? அவளுக்குப் பல்லு ரெண்டு போச்சு. வேணும்ண்டா அடிச்சேன்? பட்டுருச்சு. அம்மா வீட்டுக்குப் போனவதான். கூப்புட்டா வருவா. நான்தான் இன்னும் போகல.

டங்... கேக்குது, கேக்குது! இருடா! பேசிக்கிட்டிருக்கோம்ல!

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன். ஆங், கம்பி.

பட்டையோட போயிருந்தா சண்டை பட்டையோட போயிருக்கும். அதுக்கு நடுவுல இந்தக் கம்பி வந்துச்சு. வாங்குனதுல இருந்தே வண்டிக்கு முன்பக்கம் கம்பி இருந்துச்சு, இல்லைங்கல. அதப் பிடிச்சிருக்கிற ரப்பர் புஷ்ஷு தேஞ்சு போயி எந்தப் பள்ளத்துல எறக்குனாலும் டொக்கு டொக்குண்டு அடிக்கும். மண்டைக்குள்ள அடிக்கிற மாதிரி இருக்கும் எனக்கு. நாள் பூராம் அதைக் கேட்டுக்கிட்டு வண்டி ஓட்டிப் பாருங்க, யாரையாவது போட்டுச் சாத்தணும் போல வரும். ஒருநா கழட்டிக் கொட்டகையில எறிஞ்சேன். சத்தம் போச்சு. நிம்மதி.

அவன் வாரத்துல அவன் புதுப் புஷ்ஷு வாங்கி மறுபடியும் மாட்டுனான். நான் மறுபடியும் கழட்டுனேன். அவன் மாட்டுனான். ஏன்டா ஒனக்கு இந்தக் கம்பி மேல இம்புட்டு ஆசைண்டு கேட்டேன். "அண்ணே, வளைவுல வண்டி ஒரு பக்கமாச் சாயும்போது ரெண்டு பக்கத்தையும் அதுதான் சேத்துப் பிடிக்கிது. அது இருந்தா நானும் பட்டையக் கொறைச்சுக்கலாம், வண்டியும் சாயாது, நீயும் ஓட்டலாம், நானும் ஓட்டலாம்"ண்டான். எனக்குச் சொல்லித் தர்றான். நான் லாரியில கிளீனரா இருந்தப்ப இவன் டவுசர் போட்டுக்கிட்டு டயர் ஓட்டிக்கிட்டிருந்தவன்.

"அந்தச் சக்கரம் பள்ளத்துல விழுந்தா அது பாடு, இந்தச் சக்கரத்துக்கு என்னடா வந்துச்சு"ண்டேன். சரிதான? அவனவன் வேலைய அவனவன் பாத்தா வண்டி ஓடும். ஒன்பது பட்டை இருக்கு, அதைவிட்டு எங்க சாயப் போகுது?

ஒங்க மாமனாரும் சொன்னாரு, இல்லைங்கல. "பட்டை மேலயும் கீழயும்தான் தாங்கும் பெத்தணா, சாயிறதக் கம்பிதான் பிடிக்கணும்"ண்டாரு. கடைக்காரரு, சாமான் விக்கிறதுக்கு நாலும் சொல்லுவாருண்டு விட்டுட்டேன்.

தைப் பொங்கலுக்கு முன்னாடி. நல்ல சீசன். கம்பி இல்ல, ஒன்பது பட்டை, சௌசௌ மேல மேல ஏத்திக் கட்டியிருக்கேன். காலையில மேகம் வேற எறங்கிக் கெடக்கு. கல்லுப்பாலத்துக்கு முந்துன வளைவு இருக்குல்ல, நீங்க இப்ப ஏறி வந்த வழிதான், அதுல திருப்புறேன். வண்டி திரும்புச்சு, லோடு திரும்பல. மெல்லச் சாஞ்சுச்சு பாய். படுக்கப் போற கெழட்டு மாடு மாதிரி மெல்லத்தான் சாஞ்சுச்சு, ஆனா நிக்கல. ரோட்டோரத்துச் சில்வர்ஓக்கு மரத்துல போயி ஒட்டிக்கிச்சு. மரம் இல்லாட்டி வண்டியும் நானும் கீழ காப்பித் தோட்டத்துக்குள்ள கெடந்திருப்போம். எனக்குக் கீறல் கூட இல்ல. சௌசௌ பூராம் பள்ளத்துல உருண்டுச்சு. குரங்குக கூட்டமா வந்து தூக்கிட்டுப் போகுதுக. ஊருக்காரய்ங்க வந்து சிரிக்கிறாய்ங்க. கயித்தைக் கட்டி வண்டிய நிமித்துனதும் அவய்ங்கதான், சிரிச்சுக்கிட்டே நிமித்துனாய்ங்க. எனக்கு எப்பிடி இருக்கும், நீங்களே சொல்லுங்க.

மறுநா விடியவும் இவன் கொட்டகையில இருந்து கம்பியத் தூக்கிட்டு வர்றான். தோள்ல போட்டு வர்றான், நீங்க இப்பக் கொண்டு வந்தீங்களே, அதே மாதிரி. வாயத் தெறந்து ஒண்ணும் சொல்லல. "நான் சொன்னேன்ல"ண்டு சொல்லல. சொல்லியிருந்தாப் பரவாயில்ல, ரெண்டு அறை அறைஞ்சு முடிச்சிருப்பேன். சொல்லாம மூஞ்சிய வச்சிருந்தான் பாருங்க, அதுதான் தாங்கல. வாசல்ல நாலஞ்சு பேரு வேடிக்கை. அதுல ஒருத்தன், பேரு வேணாம், "சுருளி, கம்பிய மாட்டு, ஒங்கண்ணனுக்கும் சேத்து ஒண்ணு மாட்டு"ண்டான். எல்லாரும் சிரிச்சாய்ங்க. இவனும் சிரிச்சான். சிரிச்சான் பாய். நான் பாத்தேன்.

அப்ப நான் கம்பிய வீசுனேன். கம்பியத்தான் வீசுனேன். இவன் குறுக்க வந்துட்டான்.

என்ன பாக்குறீங்க? குறுக்க எப்பிடி வந்தாண்டா? வண்டிக்கு முன்னாடி குத்த வச்சு ஒக்காந்து, அடியில புஷ்ஷைத் தொடைச்சுக்கிட்டிருந்தான். முதுகு இங்கிட்டு இருக்கு. கம்பி அவன் பக்கத்துல தரையில கெடக்கு. திரும்பாமச் சொல்றான், "அண்ணே, அந்த நுனியக் கொஞ்சம் தூக்கிப் பிடி"ண்டு. ஏன்டா, இம்புட்டு நடந்தும் ஒனக்கு நான் நுனி பிடிக்கணுமா? தூக்குனேன். நுனிய மட்டும் தூக்கல, முழுசாத் தூக்கிட்டேன். கனமும் இல்ல, லேசும் இல்ல, கைக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருந்துச்சு. ரெண்டு பக்கமும் வளைஞ்சு கைப்பிடி கணக்கா இருக்குல்ல அந்தக் கம்பி. அதுவும் ஒரு காரணம். நேர்க் கம்பியா இருந்தா வழுக்கியிருக்கும்.

எத்தனை அடிண்டு எனக்கு நெனவு இல்ல. ஊருல நாலும்பாய்ங்க. ஒரு சத்தம் மட்டும் இன்னும் காதுல கெடக்கு. ஈரக் கரும்பை முட்டியில வச்சு ஒடிச்சாக் கேக்கும்ல, அந்தச் சத்தம். வாயி மண்ணுல போச்சு அவனுக்கு. கையால மண்ணைத் தோண்டுனான், முன்னாடி நகரப் பாத்தான். கை நகருது, ஒடம்பு வரல. நான் கம்பியோட நிக்கிறேன். சிரிச்சவய்ங்கள்ல ஒருத்தனும் இப்பச் சிரிக்கல. "இப்பச் சிரிங்கடா"ண்டேன். ஒருத்தனும் பக்கத்துல வரல.

ஆனா பாய், நான் விட்டுட்டா போயிட்டேன்? நான்தான் தூக்குனேன். ஆம்புலன்சுக்குப் போன் போடுவோம், அதுல படுக்கை இருக்கும், அசையாமக் கொண்டு போவாய்ங்கண்டு சொன்னாய்ங்க. நான்தான் வேணாம்ண்டேன். அது கீழ இருந்து ஏறி வர்றதுக்குள்ள ஊர் கூடிரும், நூறு பேரு நூறு கேள்வி கேப்பான். நம்ம வண்டி வாசல்ல நிக்கிது. தூக்கிப் பின்னாடி சாக்கை விரிச்சுப் போட்டேன், எடுத்தேன்.

இப்ப நீங்க தொழில்காரரு, யோசிங்க. ஒன்பது பட்டை வண்டி. லோடு இல்ல. ஒத்த ஆளு, அவனும் ஒல்லி. லோடு இல்லாத ஒன்பது பட்டை எப்பிடிப் போகும்? ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளும். சின்னக் கல்லுல ஏறுனாப் பின்பக்கம் ஒரு முழம் எந்திரிச்சு விழும். இந்த மலை ரோட்டை நீங்களே பாத்தீங்கள்ல. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் கத்துறான். "அண்ணே, மெதுவா. அண்ணே, மெதுவா." நான் மெதுவாத்தான் போறேன். மெதுவாப் போனாலும் துள்ளுது, வேகமாப் போனாலும் துள்ளுது. கண்ணாடியில பாக்குறேன், தரையில போட்ட மீன் மாதிரி மேல எந்திரிச்சு மேல எந்திரிச்சு விழுகுறான். "கத்தாதடா, கத்துனா நான் எப்பிடி ஓட்டுறது"ண்டு நானும் கத்துறேன். கல்லுப்பாலம் தாண்டி ரெண்டு வளைவு எறங்குனதும் சத்தம் நின்னு போச்சு. அப்பாடாண்டு இருந்துச்சு. வலி கொறைஞ்சிருச்சுபோலண்டு நெனச்சேன். அதுக்கப்பறம் கொஞ்சம் வேகமாவே போனேன்.

திண்டுக்கல்லுல டாக்டரு படத்தை வெளக்குல வச்சுப் பாத்துட்டுச் சொன்னாரு. "அடிபட்டதுல ஒடஞ்சது எலும்புதான். அதோட இருந்திருந்தா நடக்க வச்சிருப்போம். ஒடஞ்ச எலும்பு வர்ற வழியில குலுங்கிக் குலுங்கி நரம்பை அறுத்திருச்சு. யாரு இப்பிடிக் கொண்டு வந்தது"ண்டாரு.

கேட்டீங்களா? படிச்ச டாக்டரு சொன்னது. நான் அடிச்சதுல எலும்புதான். நரம்பு, பட்டையில அறுந்துச்சு. அந்தப் பட்டைய யாரு போட்டது? ஒங்க மாமனாரு. ஒன்பது போடுண்டு நான் சொன்னேன், வாஸ்தவம். நான் ஆயிரம் சொல்லுவேன். மாட்ட மாட்டேண்டு அவருல்ல சொல்லியிருக்கணும்? தொழில் தெரிஞ்ச மனுசன்தான?

அங்கிருந்து நேரா அவரு கடைக்குத்தான் போனேன். பட்டையில சம்மட்டியப் போட்டு வளைச்சுக்கிட்டிருந்தாரு. சம்மட்டியப் பிடுங்குனேன். மனுசன் ஓடியிருக்கலாம். ஓடாம, "பெத்தணா, தம்பிக்கு எப்பிடி இருக்கு"ண்டு கேட்டாரு. அதைக் கேட்டதும் எனக்குத் தாங்கல. சம்மட்டி எறங்கிருச்சு. பட்டடை மேல வச்சிருந்தாரு வலது கைய, மணிக்கட்டுல. கேஸு குடுக்கல அவரு. இன்னைக்கு வரைக்கும் குடுக்கல. மறந்திருப்பாருண்டு நெனச்சேன். கையத் தூக்க முடியலையாக்கும். ம்.

நீங்க எதுக்கு அப்பிடிப் பாக்குறீங்க? நீங்க கேட்டதுக்குத்தான சொன்னேன். கேக்கலையா? சரி, கேக்காட்டியும் சொல்ல வேண்டியதுதான். மருமகன்ல.

சுருளியும் கேஸு குடுக்கல. போலீஸ்காரரு வந்து கேக்குறாரு, இவன் வாழைத்தாரு மேல இருந்து வழுக்கி விழுந்துட்டேண்டான். ரெண்டு தடவை கேட்டாரு, ரெண்டு தடவையும் அதையே சொன்னான். அவரு போனப்பறம், "ஏன்டா சுருளி அப்பிடிச் சொன்ன"ண்டு கேட்டேன். பாசத்துல சொன்னேண்டு சொல்லுவாண்டு பாத்தேன். "ஒன்னைய உள்ள போட்டுட்டா என்னைய யாரு தூக்குறது"ண்டான். நெசந்தான. அவனுக்குப் பாத்து வச்சிருந்த பொண்ணு வீட்டுல விட்டுட்டுப் போயிட்டாய்ங்க. யாரு இருக்கா? நான்தான் குளிப்பாட்டுறேன். நான்தான் பெரட்டிப் படுக்க வைக்கிறேன். முதுகுல மருந்து போடும்போது கண்ணை மூடிக்குவேன், அந்தத் தழும்பு மேல கை பட்டாலும் பாக்க மாட்டேன். எனக்கு அவன்னா உசுரு பாய். அதை யாரும் நம்ப மாட்டேங்கிறாய்ங்க.

அந்தப் பழைய கம்பியக் கொண்டு போயி மலை முனையில இருந்து எறிஞ்சேன். இங்க இருக்கக் கூடாது அது. பட்டையப் பூராம் நானே உருவுனேன். இப்பப் பக்கத்துக்கு மூணுதான். போயி வண்டிய அமுக்கிப் பாருங்க, மெத்தை மாதிரி எறங்கும். சௌசௌ ஏத்துறதை விட்டுட்டேன். மாசா மாசம் அவனை ஆசுபத்திரிக்குக் கொண்டு போறதுக்கு மட்டும்தான் இந்த வண்டி. பள்ளத்துல விழுந்தா அவனுக்குத் தெரியக் கூடத் தெரியாது. அப்பிடி வச்சிருக்கேன்.

அந்தப் பக்கம் மெத்துண்டு போனா இந்தப் பக்கம் ஆட்டம். அதையும் சொல்லிர்றேன். மூணு பட்டை, கம்பியும் இல்ல. வளைவுக்கு வளைவு வண்டி பரிசல் கணக்காச் சாயுது. துண்டால அவனைக் கட்டிலோட கட்டி, கட்டிலை வண்டியோட கட்டித்தான் கொண்டு போறேன். போன மாசம் துண்டு அவுந்து, கல்லுப்பால வளைவுல உருண்டு பலகையில போயி மோதிட்டான். இடுப்புல இருந்த புண்ணு வாயப் பெளந்துக்கிச்சு. அவனுக்கு வலி தெரியல. ரத்தத்தைப் பாத்து நான்தான் கத்துனேன். இப்ப அந்தப் புண்ணு உள்ள எலும்பு வரைக்கும் போயிருச்சாம். நாளைக்குக் கூட்டிட்டு வா, அறுத்துச் சுத்தம் பண்ணியாகணும், நாளைக் கடத்துனா ரத்தத்துல வெசம் ஏறி ஆளே போயிருவாண்டு டாக்டரு சொல்லிட்டாரு. நாளைக்கு.

அதுக்குத்தான் போன் போட்டிருக்கான் ஒங்களுக்கு. எங்கிட்டயும் ஒரு வாரமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கான், கம்பி மாட்டு, கம்பி மாட்டுண்டு. நான் முடியாதுண்டுட்டேன். கம்பி போட்டா டொக்கு டொக்குண்டு அடிக்கும், ஒனக்குத் தூக்கம் கெடும்ண்டேன். அது ஒண்ணுதான் காரணம். வேற என்ன இருக்கு? அதுனாலதான் சொல்றேன், நீங்க கம்பியத் தூக்கிக்கிட்டுக் கெளம்புங்க. நாளைக்கு நான் மெதுவாக் கொண்டு போயிக்கிறேன். ரெண்டு துண்டாக் கட்டிக்கிறேன். கெளம்புங்க பாய். ரெண்டாவது தடவை சொல்ல வைக்காதீங்க. எனக்குக் கோவம் வந்தா...

டங், டங், டங்... இருங்க. இருங்க, இப்பிடி விடாம அடிக்க மாட்டான். பாத்துட்டு வந்துர்றேன்.

...

இருக்கீங்களா. போயிருப்பீங்கண்டு நெனச்சேன்.

தண்ணி கேக்கல. பெரட்டிப் போடவும் கேக்கல. நாம பேசுனதை அம்புட்டும் கேட்டுக்கிட்டே படுத்திருந்திருக்கான். "அந்தக் கம்பி இல்லாத வண்டியில நாளைக்கு நான் ஏற மாட்டேன், இங்கனயே கெடந்து அழுகிப் போறேன். நீயே பாத்துக்கிட்டுப் பக்கத்துல ஒக்காந்திரு"ங்கிறான். அடிக்கக் கைய ஓங்கிட்டேன் பாய். ஓங்குன கைக்குக் கீழ கண்ணைச் சிமிட்டாமப் பாத்துக்கிட்டே கெடக்கான். எங்க அடிக்கிறது? அடிக்கிறதுக்கு அவன்ட்ட எடம் இல்ல. ஒருக்க முட்டவாச்சும் வருவானாண்டு பாத்தேன். வரல.

மாட்டுங்க.

என்ன அப்பிடிப் பாக்குறீங்க, மாட்டுங்கண்டேன். காதுல விழலையா? நீங்களே போயி எடுங்க, நான் எடுக்க மாட்டேன்.

என்னது? ரெண்டாளு வேணுமா? ஒரு ஆளாப் படுத்துக்கிட்டு மாட்ட முடியாதா? ஒரு பக்கம் போல்ட்டு போடும்போது மறுபக்கம் தொங்குமா. தெரியும். எனக்குத் தெரியாதா. எத்தனை தடவை கழட்டியிருக்கேன். அக்கம்பக்கத்துல யாரையும் கூப்புட முடியாது, இந்த வாசலுக்கு எவனும் வர மாட்டான்.

சரி. பிடிக்கிறேன். இந்த நுனிய நான் பிடிக்கிறேன்.

ஒண்ணே ஒண்ணு பாய். அங்கிட்டுத் திரும்பி ஒக்காராதீங்க, என் மூஞ்சியப் பாத்து ஒக்காருங்க. போல்ட்டு எடுக்கணுமா, ஸ்பேனரு எடுக்கணுமா, எதா இருந்தாலும் சொல்லுங்க, கம்பியத் தரையில வச்சுட்டு நான் எந்திரிச்சுப் போயி எடுத்துத் தர்றேன். முடுக்கி முடிக்கிற வரைக்கும் ஒங்க பக்கத்து நுனிய விட்றாதீங்க. முழுசா என் கையில குடுத்துறாதீங்க.